பழைய வெல்டிங் டேபிள்: எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் வெல்டிங் டேபிளை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். வளைந்த தகடும் நேரான தகடும் அங்கே ஒரே விலை. பார்த்து எடுக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய லாபம். தெரியாதவர் துருப்பிடித்த கால்களைக் கண்டு நல்ல டேபிளை விட்டுவிட்டு, புதிதாகப் பெயின்ட் அடித்த வளைந்த டேபிளை வீட்டுக்கு ஏற்றிவருகிறார்.

கால், பிரேம், சக்கரம், வைஸ் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி மாற்றிவிடலாம். மேல்தகட்டின் கனத்தை மட்டும் கூட்ட முடியாது. தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 6 மிமீ தகட்டைவிட 12 மிமீ தகடு இரண்டு மடங்கு எடை. ஆனால் எட்டு மடங்கு விறைப்பு. நாலடிக்கு இரண்டடி மேசைக்கு 6 மிமீ தகடு சுமார் 35 கிலோ, 10 மிமீ 58 கிலோ, 12 மிமீ 70 கிலோ, 16 மிமீ 93 கிலோ. வீட்டு ஷெட்டில் கேட் கொக்கி, அலமாரிச் சட்டம், நாற்காலி, சிறு இயந்திர ஸ்டாண்ட் செய்பவருக்கு 10 அல்லது 12 மிமீ போதும். 6 மிமீ என்றால் அடிப்பிரேமில் குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் நாலு முறை டேக் அடித்து உடைத்ததுமே மேற்பரப்பு குழியும் மேடுமாகிவிடும்.

கடையிலேயே தகட்டைச் சோதிக்க ஒரே அளவில் நாலு நட்டுகளும் தூண்டில் நரம்பும் போதும். இரண்டு நட்டுகளை எதிரெதிர் மூலைகளில் வைத்து, அவற்றின் மேல் நரம்பை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றாவது நட்டை நரம்புக்கு அடியில் ஓட்டிக்கொண்டே போனால், நரம்பைத் தூக்கும் இடம் மேடு, இடைவெளி தெரியும் இடம் பள்ளம். பிறகு இரண்டு மூலைவிட்டங்களிலும் ஒரே உயரத்தில் நரம்பு கட்டினால் அவை நடுவில் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். விலகி நின்றாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ தகடு முறுக்கியிருக்கிறது. கிரில் வேலைக்கு நாலடியில் 2 மிமீ வரை பொறுத்துக்கொள்ளலாம். இயந்திர அடித்தளமோ கதவுச் சட்டமோ செய்ய நினைப்பவர் அரை மிமீக்கு மேல் விடக்கூடாது.

கேட் செய்வதற்காகவே டேபிள் தேடுபவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஏழடி உயரக் கேட் எந்த வீட்டு மேசையிலும் அடங்காது. கிரில் பட்டறைகளில் அதைத் தரையில் பரப்பிச் செய்வது அதனால்தான். பெரிய மேசை வாங்குவதைவிட, சிறிய நல்ல மேசையும் அதே உயரத்தில் இரண்டு ஸ்டாண்டுகளும் இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும், ஷெட்டில் நடமாடவும் இடம் இருக்கும்.

சந்தைக்கு வரும் டேபிள்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஆங்கிள் பிரேமின் மேல் மெல்லிய தகட்டைச் சுற்றிலும் வெல்டு அடித்தது ஒரு வகை. சிறு கிரில் பட்டறைகள் மூடும்போது வருவது. திருச்சி துவாக்குடி போன்ற கனரக ஃபேப்ரிகேஷன் வட்டாரங்களிலிருந்து வருபவை இரண்டாம் வகை. தகடு கனமாக இருக்கும், மேலே ஆண்டுக்கணக்கான வெல்டிங் தெறிப்பு ஒட்டியிருக்கும். தெறிப்பைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்பதால் இதைக் கண்டால் விடக்கூடாது.

மூன்றாவது, வார்ப்பிரும்பு மார்க்கிங் டேபிள். பம்ப், மோட்டார் தொழிற்கூடங்கள் நிறைந்த கோவையில் இது அவ்வப்போது கண்ணில் படும். வார்ப்பிரும்பா என்று தெரிந்துகொள்ள அடிப்பக்க ஓரத்தில் கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தால் போதும்: சாதா எஃகு நீண்ட மஞ்சள் பொறி விடும், வார்ப்பிரும்பு மங்கிய சிவப்பில் குட்டையான பொறி விடும். இதன் மேல் தெறிப்பு அவ்வளவாக ஒட்டாது, தட்டினால் உதிர்ந்துவிடும். சமதளம் அருமையாக இருக்கும். ஆனால் இதில் எதையும் வெல்டு அடிக்கக்கூடாது. சூடு பட்ட இடத்தைச் சுற்றி விரிசல் விடும். டேக் அடித்து ஜாப்பைப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது ஒத்துவராது. துளை போட்டுக் கிளாம்பால் பிடிப்பவருக்கு இதைவிட நல்ல மேசை கிடைக்காது.

இனி மாற்றுவது. முக்கியமான முடிவு மேல்தகட்டைப் பற்றியது. அதற்கு நாலு வழிகள் உண்டு.

முதல் வழி, இருக்கும் தகட்டைச் சுத்தம் செய்து அப்படியே வைத்துக்கொள்வது. உளியால் தெறிப்பைத் தட்டிவிட்டு, ஃபிளாப் டிஸ்க்கைப் படுக்கையாக ஓட்டினால் பாதி வேலை முடிந்தது. அரைக்கும் கல்லைப் போட்டு மேட்டைத் தேய்க்கப் போனால் புதுப் பள்ளங்கள்தான் விழும். ஆழமான குழிகளை நிரப்ப வெல்டு அடிப்பதும் வேண்டாத வேலை. குழி வேலையைக் கெடுப்பதில்லை, மேடுதான் கெடுக்கும்.

இரண்டாவது, தகட்டைக் கழற்றித் திருப்பிப் போடுவது. பல டேபிள்கள் வளைவதற்குக் காரணமே அடியில் பிரேமோடு சேர்த்து அடித்த வெல்டுதான். வெல்டு ஆறும்போது சுருங்கும். அடிப்பக்கம் இழுபட, மேற்பக்கம் முதுகு தூக்கும். கட்டிங் வீலால் அந்த வெல்டுகளை அறுத்தாலே தகடு ஓரளவு நிமிர்ந்துவிடுவதுண்டு. அடிப்பக்கத்தில் துரு இருக்கும், ஆனால் தெறிப்போ வெட்டுக்காயமோ இருக்காது. மிச்சமிருக்கும் வெல்டு அடையாளத்தைச் சமமாகத் தேய்த்துப் புரட்டிப் போட்டால் ஏறக்குறையப் புதுத் தகடு. செலவு ஒரு சில கட்டிங் வீல்கள். 10 மிமீக்கு மேல் கனமுள்ள தகடு என்றால் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

திருப்பிப் போட்ட தகட்டை மறுபடி பிரேமோடு வெல்டு அடித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வெல்டிங் மேசையில் வெல்டிங் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆறு அல்லது எட்டு இடங்களில் தலை உள்ளே அமிழும் கவுண்டர்சங்க் போல்ட் போட்டு, இடைவெளி தெரியும் இடங்களில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைப் பேக்கிங்காகச் செருகி, நட்டு நரம்புச் சோதனையைத் திரும்பச் செய்துகொண்டே இறுக்க வேண்டும். ஒரு மாலை முழுக்க இதற்குப் போகும். நாளைக்கு வளைந்தாலும் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம் என்பதால் அந்த நேரம் வீணாகாது. வெல்டுதான் வேண்டும் என்பவர் ஓர் அங்குல நீளத்துக்குமேல் ஒரே இடத்தில் அடிக்காமல், எதிரெதிர் ஓரங்களில் மாறி மாறி, இடையில் ஆறவிட்டு அடிக்கலாம்.

மூன்றாவது வழி, பழைய மெல்லிய தகட்டின் மேலேயே புதுத் தகட்டைப் பொருத்துவது. 5 மிமீ மேசையை மலிவாக வாங்கிவிட்டவர்களுக்குத் தோன்றும் யோசனை இது. வளைந்த தகட்டின் மேல் நேரான தகடு உட்காராது. இறுக்கினால் அதன் வளைவையே இதுவும் வாங்கிக்கொள்ளும். பழையதை அறுத்து எடுத்துவிட்டு, பிரேமின் மேல் பேக்கிங் வைத்துப் புதியதைப் போடுவதே சரி. அறுத்த தகடு மூலைத்தகடுகளுக்கும் பிராக்கெட்டுக்கும் ஆகும். புதுத் தகடு வாங்கும்போது ஐஎஸ் 2062 தரத்து எம்எஸ் தகடு என்று கேட்டு வாங்கலாம். கடையிலேயே நட்டு வைத்துப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நாலாவது, தகட்டையே விட்டுவிட்டுச் சட்டங்களால் மேற்பரப்பு அமைப்பது. வீட்டுப் பட்டறைக்கு இது எல்லாரும் எண்ணுவதைவிடப் பொருத்தமானது. 75 மிமீ சி சேனல் ஆறு மீட்டர் நீளம் ஒன்று வாங்கி 595 மிமீ அளவில் பத்துத் துண்டு போட்டால், 50 மிமீ இடைவெளி விட்டு நாலடி மேசை நிறைந்துவிடும். எடை ஏறத்தாழ 43 கிலோ. முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்துப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு சேனலும் இரண்டு முனைகளிலும் தனித்தனிப் போல்ட்டில் உட்காருவதால், நரம்பு பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி முழு மேற்பரப்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். பெரிய தகட்டில் இது நடக்காது. இடைவெளி வழியாகச் சி கிளாம்ப் எங்கே வேண்டுமானாலும் நுழையும், கசடு கீழே விழுந்துவிடும், கெட்டுப்போன ஒரு சேனலை மட்டும் கழற்றி மாற்றலாம். குறைகளும் உண்டு. சிறு துண்டுகளும் நட்டுகளும் இடுக்கில் விழும். சேனலின் முதுகு 5 மிமீக்கும் குறைவான கனம், சுத்தியல் அடி தாங்காது. சுத்தியல் வேலைக்கு ஒரு மூலையில் கனமான தகட்டுத் துண்டைப் பதித்துக்கொள்வது நல்லது.

ஆக, கையில் கிடைத்தது கனத் தகடு என்றால் திருப்பிப் போடுவது, மெல்லிய தகடு என்றால் அதை எடுத்துவிட்டுச் சேனல் பொருத்துவது. கனமான புதுத் தகடு மலிவாக அமையும்போது மட்டும், பழையதை எடுத்துவிட்டு அதைப் போடுவது.

துளைகளைப் பற்றிச் சொல்லாமல் இன்று வெல்டிங் டேபிளைப் பற்றிப் பேச முடியாது. ஜெர்மனியின் சீக்மண்ட், டெம்லர் போன்ற நிறுவனங்களின் மேசைகளில் 16 மிமீ துளைகள் 50 மிமீக்கு ஒன்றாகவோ, 28 மிமீ துளைகள் 100 மிமீக்கு ஒன்றாகவோ வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து வீட்டு மேசையிலும் கைத் துளைப்பானை எடுத்துக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. நாலடிக்கு இரண்டடித் தகட்டில் 50 மிமீ கணக்கு என்றால் சுமார் 250 துளைகள். 12 மிமீ தகட்டில் அத்தனையையும் கையால் போடுவது தண்டனை. போட்டாலும் மார்க்கிங் அரை மிமீ, டிரில் நழுவல் அரை மிமீ என்று சேர்ந்து, மூலைமட்டத்துக்கு நம்பிப் பின் செருக முடியாத துளைகளாகிவிடும். கிளாம்ப் பிடிக்க மட்டுந்தான் என்றால் 100 மிமீக்கு ஒன்றாக 70 துளைகளே தாராளம். ஓரங்களில் இரண்டு வரிசை போட்டு நிறுத்தினாலும் பெரும்பாலான வேலை நடக்கும். துல்லியமே வேண்டும் என்றால் புதுத் தகட்டை லேசர் கட்டிங் கடையில் துளைகளோடு வெட்டி வாங்க வேண்டும். எந்தத் துளையிலும் மரை போட வேண்டாம். தெறிப்பு ஒட்டி மரை அடைந்துவிடும்.

துளையே வேண்டாம் என்றாலும் ஒரு மாற்றம் அவசியம்: மேல்தகடு பிரேமுக்கு வெளியே நாலு பக்கமும் மூன்று அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தோடு ஓரமாகப் பிரேம் வைத்த மேசையில் கிளாம்ப் பிடிக்க இடமே இராது. பழைய டேபிள்களில் அதிகம் காணும் குறை இது. பிரேமை வெட்டி உள்ளே தள்ளினால் தீரும்.

கால்களின் உயரம் நின்று வேலை செய்ய 850 முதல் 900 மிமீ, ஸ்டூலில் உட்கார்ந்து செய்ய 700 முதல் 750 மிமீ. தொழிற்சாலை மேசையின் கால்களை அறுத்துக் குறைப்பது எளிது. நீட்டுவதானால் நட்டு வெல்டு அடித்து எம்16 போல்ட்டைத் திருகி மட்டம் பார்க்கும் வசதியையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுத் தரை மட்டமாக இருப்பதில்லை. ஒரு கால் தூக்கி நின்றால் மேசையின் எடையே தகட்டை முறுக்கும். அதனால் நரம்புச் சோதனையை மேசை நிற்கப்போகும் இடத்தில் கடைசியாக ஒருமுறை செய்ய வேண்டும்.

சக்கரம் வைப்பதா? பைக் நிற்கும் இடத்தையே பட்டறையாக்குபவருக்கு வேறு வழியில்லை. ஆனால் நாலு காலிலும் பிரேக் சக்கரம் வைத்த மேசை, பிரேக் போட்டாலும் ரம்பம் ஓட்டும்போது ஆடும். நைலான் சக்கரத்தில் சூடான கசடு விழுந்தால் உருகும். ஒரு முனையின் இரண்டு கால்களில் தரையை மயிரிழையில் தொடாதபடி வார்ப்பிரும்புச் சக்கரம் பொருத்தி, மறுமுனையில் கைப்பிடி வைத்தால், தூக்கும்போது மட்டும் சக்கரம் தரையில் பதியும். இறக்கினால் நாலு காலும் ஊன்றி நிற்கும்.

வைஸை மேசையில் நிரந்தரமாகப் பொருத்தினால் நீளமான ஜாப் வைக்கும்போதெல்லாம் இடிக்கும். தகட்டுக்கு அடியில் ஒரு ஸ்கொயர் பைப்பைப் போல்ட் போட்டு, அதற்குள் வழுக்கி நுழையும் அடுத்த அளவுப் பைப்பில் வைஸை வைத்தால் வேண்டியபோது செருகலாம்.

எர்த் விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். கிளாம்பைப் பெயின்ட் அடித்த காலில் கடித்து வைப்பது, போல்ட் போட்ட மூட்டுகள் வழியாகக் கரன்ட் போகட்டும் என்று விடுவது எல்லாம் ஆர்க்கைத் தடுமாற வைக்கும். தகட்டின் அடியிலேயே ஒரு இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, பித்தளை அல்லது செம்புத் துண்டைப் போல்ட்டால் இறுக்கி எர்த்துக்கென்றே ஒதுக்க வேண்டும். சேனல் மேசை என்றால் ஜாப்பிலேயே கடிக்க வைப்பது பாதுகாப்பு. ஷெட்டின் தூணிலோ ஜன்னல் கிரிலிலோ எர்த்தைக் கடிக்க வைத்துவிட்டு மேசையில் வெல்டு அடிப்பது ஆபத்து. மேசையில் மூன்று பின் பிளக் உள்ள டிரில்லிங் மிஷினும் போல்ட் போட்டிருந்தால், வெல்டிங் கரன்ட் அந்த மிஷினின் மெல்லிய எர்த் ஒயர் வழியாக ஓடி அதைக் கருக்கிவிடக்கூடும். அதற்குப் பிறகு அந்த மிஷினைத் தொடுபவருக்குப் பாதுகாப்பே இருக்காது. சுழலும் பாகம் உள்ள ஜாப்பில் பேரிங் வழியாகக் கரன்ட் போனால் பேரிங் போய்விடும்.

பழைய மேசையை வெட்டுவதற்கு முன் அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜிஐ பைப்பில் கால் வைத்திருந்தால் வெல்டு படும் இடத்தைச் சுற்றித் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் ஆர்க் அடிக்கக்கூடாது. எஃகு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், தூசி பறக்கக் கிரைண்டர் ஓட்டாமல் பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டுவது மேல். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க பிரேக் கிளீனர் தேடுபவர் டப்பாவைப் படித்துப் பார்க்க வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான் ஆர்க் ஒளி பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

மேற்பரப்புக்குப் பெயின்ட் வேண்டாம். எரிந்து புகையும், எர்த்தையும் தடுக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்து வைக்கலாம். கடலோர ஊர்களில் இதை ஒருநாள்கூட விடமுடியாது. மறுநாள் வெல்டு அடிக்குமுன் அந்த எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். டேக் அடித்தே ஜாப்பைப் பிடிப்பவர், இரண்டு அங்குல ஃபிளாட் ஒன்றைப் போல்ட்டால் தகட்டின் மேல் பொருத்தி அதன் மேல் மட்டும் டேக் அடிக்கலாம். ஃபிளாட் தேய்ந்து குழிந்ததும் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டால் போதும்.