புல்தரைக்கு எவ்வளவு தண்ணீர்?

2014ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி முதல் பிப்ரவரி 8ஆம் தேதி வரை, 27 நாள்களுக்குச் சிங்கப்பூரில் வறண்ட வானிலை நீடித்தது. 1869ஆம் ஆண்டுக்குப் பிறகு அவ்வளவு வறண்ட பிப்ரவரி மாதம் வந்ததில்லை. எப்போதும் பச்சைப்பசேலென்று இருக்கும் சாலையோரப் புல்தரைகள் பழுப்பு நிறமாக மாறின. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி பொதுப் பயனீட்டுக் கழகம் மக்களைக் கேட்டுக்கொண்டது. தோட்டம் வைத்திருந்தோர் முன் ஒரு கேள்வி எழுந்தது. வாடும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதா, வேண்டாமா?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஆனால், அதைத் தேக்கிவைக்கப் போதிய நிலம் இல்லை. 1963ஆம் ஆண்டில் வறட்சியால் தண்ணீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்திற்காக மக்கள் வாளிகளுடன் காத்திருந்தனர். இன்று 17 நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர், ஜோகூரிலிருந்து வரும் நீர், புதுநீர், உப்பு நீக்கப்பட்ட கடல்நீர் ஆகிய நான்கு வழிகளில் நாட்டுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. ஜோகூருடன் 1962இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம் 2061இல் முடிவடையும். புதுநீரையும் கடல்நீரையும் சுத்திகரிக்க மின்சாரம் தேவை. ஆகவே, குழாயைத் திறந்தவுடன் வரும் தண்ணீர் எளிதாகக் கிடைத்த பொருள் அன்று.

வீடுகளில் ஒருவர் ஒரு நாளில் பயன்படுத்தும் தண்ணீரின் அளவு 2003இல் 165 லிட்டராக இருந்தது. 2018இல் அது 141 லிட்டராகக் குறைந்தது. 2030ஆம் ஆண்டுக்குள் அதை 130 லிட்டராகக் குறைப்பது நாட்டின் இலக்கு. ஒரு சிறிய புல்தரை எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்று கணக்கிட்டால், இந்த எண்களின் பொருள் நன்கு விளங்கும்.

மலையும் மண்ணும்

புக்கிட் பாத்தோக் மேடுபள்ளங்கள் நிறைந்த வட்டாரம். 'புக்கிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் 'குன்று' என்பது பொருள். ஒரு காலத்தில் இங்குக் கருங்கல் வெட்டி எடுக்கப்பட்டது. 'லிட்டில் குய்லின்' என்று மக்கள் அழைக்கும் பூங்காவில் இன்று காணப்படும் குளம், அப்படிப்பட்ட ஒரு கல்வெட்டுக் குழிதான். கருங்கல் பல்லாயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, செந்நிறக் களிமண்ணாக மாறுகிறது. களிமண் நீரை நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால், மெதுவாகவே உறிஞ்சும். தரை சரிவாகவும் இருந்தால், வேகமாக ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்பே வழிந்து கால்வாய்க்குப் போய்விடும்.

இத்தகைய சரிவில் ஒரு தரைவீடு இருப்பதாகக் கொள்வோம். அதன் முன்புறம் 60 சதுர மீட்டர் புல்தரையும், வேலியோரம் செம்பருத்தி, கறிவேப்பிலைச் செடிகளும் உள்ளன. அதற்குத் தண்ணீரை வீணாக்காத தெளிப்பு அமைப்பை எப்படித் திட்டமிடுவது?

முதல் படி: அளத்தல்

குழாய்களையும் தெளிப்பான்களையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால், அது சரியாக ஒரு லிட்டர் ஆகும். மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் இலைகள் வழியே வெளியேறும் நீரும் சேர்ந்து, வெயில் நாளில் புல்தரை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், 60 சதுர மீட்டர் புல்தரைக்கு ஒரு நாள் தேவை 240 லிட்டர். இது வீட்டில் இரண்டு பேர் ஒரு நாளில் பயன்படுத்தும் தண்ணீருக்கு ஏறக்குறைய ஈடாகும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. நேற்று 12 மில்லிமீட்டர் மழை பெய்து அது மண்ணுக்குள் இறங்கியிருந்தால், மூன்று நாள்களுக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மழை அதிகமுள்ள சிங்கப்பூரில், எப்போது ஊற்றுவது என்பதைவிட எப்போது ஊற்றாமல் இருப்பது என்பதை அறிவதே முக்கியம்.

இரண்டாம் படி: சீராகத் தெளித்தல்

தெளிப்பான்கள் பழைய கண்டுபிடிப்புகள். சுழன்று சுழன்று நீரைத் தட்டித் தெளிக்கும் தெளிப்பானை 1930களில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆர்டன் எங்கிள்ஹார்ட் என்ற பழத்தோட்ட விவசாயி உருவாக்கினார். தெளிப்பான் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அதை வைக்கும் இடம் தவறினால் தண்ணீர் வீணாகும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள ஒன்பது காலி டின்களைப் புல்தரையில் வரிசையாக வைத்து, தெளிப்பானை 15 நிமிடம் இயக்கி, ஒவ்வொரு டின்னிலும் சேர்ந்த நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் போதும். சராசரியாக 6 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். எல்லா டின்களிலும் ஏறத்தாழ இதே அளவு இருந்தால், மூன்று நாள்களுக்கான 12 மில்லிமீட்டரைக் கொடுக்க 30 நிமிடம் போதும். செலவாகும் தண்ணீர் 720 லிட்டர்.

ஆனால், ஒரு மூலையில் 3 மில்லிமீட்டரும் இன்னொரு மூலையில் 9 மில்லிமீட்டரும் இருந்தால் என்ன ஆகும்? காய்ந்துபோகும் மூலையைப் பார்த்து, வீட்டார் தெளிப்பானை ஒரு மணி நேரம் இயக்குவர். அப்போது செலவாகும் தண்ணீர் 1,440 லிட்டர். பாதித் தண்ணீர் வீண். புல்தரையில் வீணாகும் தண்ணீருக்குப் பெரிய காரணங்களுள் ஒன்று இந்தச் சீரின்மைதான்.

இதைத் தவிர்க்க, ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பான் வரை எட்டுமாறு அவற்றைப் பொருத்த வேண்டும். 4 மீட்டர் தூரம் தெளிப்பதாக இருந்தால், அடுத்ததும் 4 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். நீரழுத்தம் அளவுக்கு மீறினால், நீர் துளிகளாக விழாமல் பனிபோலப் பறந்து காற்றில் கலந்துவிடும். அழுத்தத்தைச் சீராக்கும் கருவி இதைத் தடுக்கும்.

மூன்றாம் படி: சரிவை மதித்தல்

சரிவான களிமண் தரையில் 30 நிமிடம் தொடர்ந்து தெளித்தால், தண்ணீர் கீழ்நோக்கி ஓடும். அதனால், அந்த 30 நிமிடத்தை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்து, இடையிடையே அரை மணி நேரம் விட வேண்டும். அந்த இடைவெளியில் மண் நீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரின் அளவு மாறுவதில்லை. மண்ணுக்குக் கிடைக்கும் பங்குதான் கூடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தெளிப்பான்கள் நின்ற பிறகு, மேலே உள்ள குழாயில் தங்கிய நீர் எல்லாவற்றிற்கும் கீழே உள்ள தெளிப்பான் வழியாக ஒவ்வொரு முறையும் கசியும். தெளிப்பானுக்குள் பொருத்தும் சிறிய தடுப்பு வால்வு இதை நிறுத்திவிடும். தோட்டத்து நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகாதபடி தடுக்கும் கருவியும் தேவை. இத்தகைய வேலையை உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரிடம் விடுவதே பாதுகாப்பானது.

நான்காம் படி: தேவைக்கேற்பப் பங்கிடுதல்

தமிழ்நாட்டில் மதுரை, சிவகங்கை போன்ற மாவட்டங்களின் ஏரிப்பாசன ஊர்களில் 'நீர்க்கட்டி' என்பவர் உண்டு. ஏரியின் மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது அவர் பொறுப்பு. வயல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அவர் மடையைத் திறப்பதில்லை.

வீட்டுத் தோட்டத்திலும் அதே முறைதான். வெயில் படும் புல்தரை ஒரு பகுதி, மரநிழலில் உள்ள புல்தரை ஒரு பகுதி, வேலியோரச் செடிகள் ஒரு பகுதி என்று தனித்தனி வால்வுகளுடன் பிரிக்க வேண்டும். நிழலில் உள்ள புல்லுக்குக் குறைந்த நீர் போதும். செடிகளுக்குத் தெளிப்பானே வேண்டாம். 1960களில் இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் வளர்த்தெடுத்த சொட்டுநீர் முறையில், வேருக்கு அருகில் மட்டும் நீர் சொட்டும், ஆவியாவதும் குறையும்.

காலை 7 மணிக்கு முன் தெளிப்பது நல்லது. அப்போது வெயிலும் காற்றும் குறைவு. இரவில் தெளித்தால், இலைகள் நெடுநேரம் ஈரமாக இருந்து பூஞ்சை நோய் வரக்கூடும்.

ஐந்தாம் படி: மழையை அறிதல்

கொட்டும் மழையில் தெளிப்பான் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நேரக்கருவிக்கு மழை பெய்வது தெரியாது. மழை உணர்கருவி ஒன்றை அதனுடன் இணைத்தால், போதிய மழை பெய்ததும் அது அமைப்பை நிறுத்திவிடும். மண்ணின் ஈரத்தை அளக்கும் உணர்கருவி இன்னும் துல்லியமானது. கருவி இல்லாதவர்கள் விரலை மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்தே ஈரத்தை அறியலாம்.

மழைநீரைச் சேர்த்தும் பயன்படுத்தலாம். 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஏறத்தாழ 200 லிட்டர் கிடைக்கும். ஆனால், அந்தத் தொட்டியைக் கொசுவலையால் இறுக மூட வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தண்ணீரைச் சேமிக்கப்போய் டெங்கியைப் பரப்பிவிடக் கூடாது. மேலும், ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டியின் அழுத்தம் தெளிப்பானைச் சுழற்றப் போதாது. அந்த நீரைப் பூவாளியால் ஊற்றலாம்.

அடுக்குமாடியிலும் இதே பாடம்

புக்கிட் பாத்தோக்கில் பெரும்பாலோர் வாழ்வது அடுக்குமாடி வீடுகளில்தான். ஆயினும், தாழ்வாரத்துத் துளசிச் செடிக்கும் இதே விதிகள் பொருந்தும். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் தீவெங்கும் உருவான சமூகத் தோட்டங்களுக்கும் இவை பொருந்தும். ஈரத்தைப் பார்த்த பிறகு ஊற்றுதல், வேருக்கு ஊற்றுதல், மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி ஆவியாதலைக் குறைத்தல் ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை.

2014இன் வறட்சிக்குப் பின் மழை திரும்பியபோது, பழுப்பாக மாறியிருந்த புல்தரைகள் பல மீண்டும் பச்சையாயின. மேலே இலை காய்ந்தாலும் பல புல்வகைகளின் வேரும் தண்டும் மண்ணுக்கடியில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே, கடும் வறட்சியில் புல்தரையைச் சில வாரங்கள் பழுப்பாகவே விட்டுவைப்பதும் ஒரு நல்ல முடிவுதான். அந்த நாள்களில் மிச்சமாகும் 240 லிட்டரும் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகும்.