பொதுச் சோதனைக் களஞ்சியம்: பாகாலா பக்கத்து டெஸ்டர்களுக்கு

2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐஃபோன்களை நிலைகுலைய வைத்தது. ‘ஞானம்’ என்பதைத் தெலுங்கில் எழுதும்போது முதலில் வருகிற எழுத்துதான் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறியும் அதன் நடுவில் சேர்ந்திருந்தது. செய்தியில் அது வந்து விழுந்தாலே வாட்ஸ்அப் போன்ற செயலிகள் தாமாக மூடிக்கொண்டன. பிப்ரவரி 19 அன்று ஐஓஎஸ் 11.2.6 வெளியான பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

பாகாலாவில் படித்த எவருக்கும் அது அன்றாட எழுத்து. திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறினால் தமிழ்நாடு. தெலுங்கும் தமிழும் புழங்கும் இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு, மென்பொருள் பொருத்தச் சோதனையில் அந்த இருமொழிப் பழக்கம் பெரிய சொத்து. ஆனால் அது உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால், நீங்கள் வேலை மாறும் நாளில் உங்களோடு போய்விடும். குழுவின் பொது ரெப்போவில் டெஸ்டாக ஏற்றினால்தான் நிற்கும்.

ரெப்போவை எப்படி அடுக்குவது? பலரும் ஃபோன் மாடலின் பெயரில் கோப்புறை போடுகிறார்கள். வேண்டாம். மாடல் வழக்கொழிந்ததும் கோப்புறையும் செத்துவிடும். எல்லா பிரவுசர்களுக்கும் பொதுவான ‘வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்’ களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள். எந்தத் தரக்குறிப்பைச் சோதிக்கிறதோ அதன் பெயரில்தான் கோப்புறை. உங்களுக்கு அது தேடல், வரிசைப்படுத்தல், அச்சு, விசைப்பலகை உள்ளீடு என்று அமையலாம். வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸில் ஒவ்வொரு பகுதிக்கும் யாரைப் பார்வையிடக் கேட்கலாம் என்று ஒரு சிறு கோப்பிலேயே எழுதி வைக்கிறார்கள். உடனே நகலெடுக்க வேண்டிய பழக்கம் இது.

அந்தக் களஞ்சியத்தில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. ‘எப்படி இருக்க வேண்டும்’ என்பது மட்டுமே பொது டெஸ்டில் இருக்கும். ‘எங்கள் பிரவுசரில் இது இன்னும் தோற்கிறது’ என்ற பட்டியலை குரோம், ஃபயர்ஃபாக்ஸ் குழுக்கள் தத்தம் கோடில் தனியாக வைத்துக்கொள்கின்றன. நம் அலுவலகங்களில் இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறோம். ஒரு ஆண்ட்ராய்டு ஃபோனில் தோற்கிறதென்று டெஸ்டையே திருத்திப் பச்சை காட்ட வைக்கிறோம். அந்த நிமிடத்திலிருந்து அந்த டெஸ்ட் பொய் சொல்கிறது. டெஸ்டைத் தொடாதீர்கள். முடிவைத் தனிக் கோப்பில் எழுதுங்கள்: கருவி, இயங்குதளப் பதிப்பு, பில்ட் எண், எழுத்துரு, விசைப்பலகை, தேதி. இதில் ஒன்று விடுபட்டாலும் அடுத்தவரால் அதே பிழையை மறுபடி வரவழைக்க முடியாமல் போகலாம்.

ஒரு டெஸ்டில் ஒரே ஒரு விஷயம். நம் ஊர்ப் பெயர்களிலேயே சரக்கு கொட்டிக் கிடக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தி, ஸ்ரீசிட்டி. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் ‘ஸ’ கொண்டும் எழுதலாம், 2005-இல் 4.1 பதிப்பில் சேர்ந்த ‘ஶ’ கொண்டும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது, சாதாரணமாகத் தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. யூனிகோட் சொல்லும் இயல்பாக்கமும் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. ‘கொ’ அப்படியல்ல. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். ‘கௌரி’யை ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் போட்டுத் தட்டுபவர்களின் கதை மூன்றாவது, அங்கே எழுத்தே வேறு. மூன்றுக்கும் மூன்று டெஸ்ட் வேண்டும்.

இத்தகைய சொற்களை வெட்டி ஒட்டாதீர்கள். வழியில் ஏதாவதொரு எடிட்டர் மாற்றிவிடக்கூடும். யூனிகோட் எண்களாகவே எழுதிவிட்டு, பக்கத்தில் என்ன எழுத்து என்று ஒரு வரி குறியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை ரெப்போவுக்கு வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் குளோன் செய்யவே நேரமாகும். வாடிக்கையாளரின் உண்மையான பெயரும் ஃபோன் எண்ணும் டெஸ்ட் தரவில் வரவே கூடாது. கோப்பை அழித்தாலும் கிட் வரலாற்றில் அது தங்கிவிடும்.

காரணமில்லாமல் ஒரு நாள் ஜெயித்து மறுநாள் தோற்கும் டெஸ்டை அன்றே ஒதுக்கி, ஒருவர் பெயரில் போடுங்கள். அப்படிப்பட்டவை பெருகினால் சிவப்பைக் கண்டும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

புதிதாக வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று. ‘மேனுவல் டெஸ்டிங் தெரியும்’ என்று ரெஸ்யூமேயில் எழுதுவதைவிட, ஒழுங்கான ஒரு சிறு ரெப்போவின் இணைப்பு கனமானது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் எல்லாம் எழுத்துகளைக் கோக்கப் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ்ஸும், வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும் நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஒரு சிக்கலை எடுத்து, இந்த வாரமே ஒரு டெஸ்டாக எழுதி அங்கே அனுப்புங்கள்.