ப்ளூஸ் ஜூனியரா, ஏ.சி.15-ஆ?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முதல் வால்வு ஆம்ப் வாங்க நினைப்பவர்களில் பலர் கடைசியில் இந்த இரண்டில் வந்துதான் நிற்கிறார்கள்: ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், வாக்ஸ் ஏ.சி.15. விவரத் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. இரண்டும் 15 வாட். இரண்டிலும் பவர் பகுதியில் ஈ.எல்.84 வால்வு இரண்டு, முன்பகுதியில் 12ஏ.எக்ஸ்.7 மூன்று. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஸ்ப்ரிங் ரிவெர்ப், மாஸ்டர் வால்யூம் எல்லாம் இரண்டிலும் உண்டு. எஃபெக்ட்ஸ் லூப் (முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் இடையே பெடலைச் செருகும் வழி) இரண்டிலும் கிடையாது. ஆனால் ஒரே கிட்டாரை இரண்டிலும் செருகி ஒரே கார்டை மீட்டிப் பாருங்கள். இசை தெரியாதவர்கூட இது வேறு, அது வேறு என்று சொல்லிவிடுவார்.

நான் இங்கே ஒப்பிடுவது 2018-இல் வந்த ப்ளூஸ் ஜூனியர் நான்காம் பதிப்பையும் ஏ.சி.15 சி1 மாடலையும்.

வால்வு ஒன்றாக இருந்தும் குரல் ஏன் மாறுகிறது என்பது புரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. ஈ.எல்.84 ஐரோப்பிய வால்வு. ஒரு காலத்தில் பெரிய வால்வு ரேடியோக்களிலும் ரேடியோகிராம்களிலும் ஸ்பீக்கரை ஓட்டியது இதுதான். 1958-இல் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் ஜே.எம்.ஐ. நிறுவனத்துக்காக டிக் டென்னி ஏ.சி.15-ஐ வடிவமைத்தபோது இந்த வால்வைச் சுற்றித்தான் வடிவமைத்தார். ஷேடோஸ் குழுவின் ஒலி அதிலிருந்து வந்தது; அரங்குகள் பெரிதாகி 15 வாட் போதாமல் போனபோதுதான் ஏ.சி.30 வந்தது. ஃபெண்டரின் பரம்பரை வேறு. அவர்கள் புகழ்பெற்றது 6வி6, 6எல்6 என்ற அமெரிக்க வால்வுகளால். 1995-இல் வந்த ப்ளூஸ் ஜூனியர், ஐரோப்பிய வால்வை ஃபெண்டர் தன் போக்குக்குப் பழக்கிய ஆம்ப்.

அப்படிப் பழக்கியதில் முக்கியமானது நெகட்டிவ் ஃபீட்பேக். வெளியே போகும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து, ஆம்ப் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. ப்ளூஸ் ஜூனியரில் இது உண்டு. அதனால் ஒலி இறுக்கமாக, ஒழுங்காக நிற்கும். எல்லை தாண்டும்போது சட்டென்று உடைந்து கரகரக்கும். ஏ.சி.15-இல் இது கிடையாது. அங்கே க்ளீன் எங்கே முடிந்தது, டிஸ்டார்ஷன் எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. விரலை அழுத்தினால் கரகரக்கும், தளர்த்தினால் தெளியும். வாக்ஸில் பவர் வால்வுகள், தம் மின்னோட்டத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும் கேதோட் பயாஸ் முறையில் இயங்குகின்றன; ஓங்கி மீட்டும்போது ஒலி சற்று அமுங்கி மெல்ல விரிவதற்கு அது ஒரு காரணம். மென்மையாகவும் அழுத்தமாகவும் மாறி மாறி வாசிப்பவர்களுக்கு இந்த நெகிழ்வு மிகவும் பிடிக்கும். ரிதத்தை வெட்டி வெட்டி வாசிப்பவர்களுக்கு இதே குணம் ‘பிடிமானம் இல்லை’ என்று தோன்றும்.

அடுத்தது குமிழ்கள். ப்ளூஸ் ஜூனியரில் ட்ரெபிள், மிடில், பேஸ் மூன்றும் உண்டு. நடுப்பகுதியைத் தடிமனாக்க ‘ஃபேட்’ என்ற பொத்தானும் உண்டு. எங்கே வைத்தாலும் பெரிய விபத்து நடக்காது. ஏ.சி.15-இன் இரண்டு சேனல்களில் ஒன்றான டாப் பூஸ்டில் ட்ரெபிளும் பேஸும்தான். ஒன்றைத் திருப்பினால் மற்றதன் வேலையும் மாறும். இரண்டையும் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு ‘நடுவே ஒன்றுமே இல்லையே’ என்று புகார் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சுற்றின் இயல்பே அதுதான். கடைசியில் ‘டோன் கட்’ என்றொரு குமிழ். பெயருக்கேற்ப, கூட்டக் கூட்ட மேல்ஒலியைக் குறைக்கும். வாக்ஸ் காதைக் கிழிக்கிறது என்பவர்களில் பலர் இந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. நார்மல் சேனலில் வால்யூம் மட்டும்தான் இருக்கிறது. பார்க்க ஏழ்மையாக இருந்தாலும் டிஸ்டார்ஷன் பெடல்களுக்கு அந்தச் சேனல் நன்றாக உட்காரும். ஒரு குறை: சேனல்களைக் காலால் மாற்ற முடியாது, இன்னொரு ஜாக்கில் பிடுங்கிச் செருக வேண்டும். ட்ரெமலோ வாக்ஸில் மட்டுமே உண்டு.

எந்தக் கிட்டார் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். தடித்த ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாருக்கு வாக்ஸ் தெளிவு கொடுக்கும். அதே கிட்டாரை ப்ளூஸ் ஜூனியரில் ‘ஃபேட்’ போட்டு வாசித்தால் கீழ்ஸ்தாயி குழம்பும். டெலிகாஸ்டர் போன்ற கூர்மையான சிங்கிள் காயில் கிட்டாருக்கு நிலைமை தலைகீழ்.

ஸ்பீக்கரும் பெட்டியும் வால்வு அளவுக்கு முக்கியம் என்பது என் கருத்து. ஆனால் வாங்குகிறவர்கள் இவற்றைக் கேட்பதே இல்லை. இரண்டிலும் செலஷன் ஸ்பீக்கர்தான்: ஃபெண்டரில் ஏ-டைப், வாக்ஸில் கிரீன்பேக். வித்தியாசத்தைப் பெரிதாக்குவது பெட்டியின் அளவு. ப்ளூஸ் ஜூனியரின் அகலம் சுமார் 18 அங்குலம், ஏ.சி.15 ஏறத்தாழ 24 அங்குலம். சிறிய பெட்டியில் அடைபட்ட 12 அங்குல ஸ்பீக்கர் கொஞ்சம் ‘டப்பா’ சத்தம் போடும். பெரிய பெட்டியில் பேஸ் தாராளமாக விரியும். இதற்கான விலையைக் கைதான் கொடுக்க வேண்டும்: ஃபெண்டர் சுமார் 14 கிலோ, வாக்ஸ் சுமார் 22 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருந்து வாராவாரம் வாசிக்கப் போகிறவருக்கு, மற்ற எல்லாக் காரணங்களையும் இந்த 8 கிலோ தோற்கடித்துவிடும்.

வாட் கணக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘15 வாட் போதுமா, 30 வாங்கட்டுமா’ என்ற கேள்வி எப்போதும் வரும். வாட் இரட்டிப்பானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபல், அதாவது சுமார் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 15-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளி பலரும் நினைப்பதைவிடச் சிறியது. வீட்டுக்கோ 15 வாட்டே மிக அதிகம். ட்ரம்ஸ்காரருடன் வாசிக்கும்போது ஒலி உடைவது உங்களுக்குச் சம்மதம் என்றால் இரண்டும் போதும்; கடைசி வரை பளிங்கு போன்ற க்ளீன்தான் வேண்டும் என்றால் இரண்டும் போதாது. மைக் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பெரிய ஆம்ப் பாருங்கள். படுக்கையறையில் இரவு பதினொரு மணிக்கு வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், இரண்டில் எதையும் வாங்க வேண்டாம் என்பேன். மாஸ்டரை ஒன்றில் வைத்து வாசிக்கும்போது பவர் வால்வுகளுக்கு வேலையே இருக்காது. அவற்றுக்குத்தானே காசு கொடுத்தீர்கள்?

எஃபெக்ட்ஸ் லூப் இல்லாததால், டிலே பெடலை ஆம்புக்கு முன்னால்தான் போட வேண்டும். க்ளீன் ஒலியில் பிரச்சினை இல்லை. ஆம்பையே உடைய விட்டு டிலேயும் போட்டால் எதிரொலிகள் எல்லாம் சேர்ந்து கூழாகும். அந்த வகை வாசிப்புக்கு மார்ஷல் டி.எஸ்.எல்.20 காம்போவைப் பாருங்கள். அதில் இரண்டு ஈ.எல்.34 வால்வு, லூப், 20 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறக்கும் வசதி எல்லாம் உண்டு.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்கள் கவனிக்க: அமெரிக்காவில் விற்கும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். செல்போன் சார்ஜரைப் போல இது தானாகச் சமாளித்துக்கொள்ளாது. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் ஃபியூஸோடு போகலாம், டிரான்ஸ்ஃபார்மரோடும் போகலாம். 230 வோல்ட் மாடலையே கேட்டு வாங்குங்கள். எல்லோரும் கவனிக்க இன்னும் இரண்டு: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும், பெட்டியைத் திறக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். பெடல் வேண்டாம். இரண்டு ஆம்பையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். சத்தம் கூடினது எப்போதுமே நல்லதாகத் தோன்றும், ஏமாறுவது அங்கேதான். கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து எது தெளிகிறது, எது மங்குகிறது என்று கவனியுங்கள். ஸ்பீக்கரின் மேல்ஒலி நேர்க்கோட்டில்தான் பாயும். தரையில் இருக்கும் ஆம்ப் முன் நின்றபடி கேட்டால் அது முழங்காலுக்குத்தான் போகும். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். பழைய ஆம்ப் என்றால் ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தது போல் கேட்டால் அந்த வால்வை மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

பெடல்களால் ஒலியைக் கட்டுபவர், அடிக்கடி தூக்கிச் செல்பவர், சிங்கிள் காயில் வாசிப்பவர் ப்ளூஸ் ஜூனியரை எடுக்கலாம். ஆனால் ‘ஃபெண்டர் க்ளீன்’ என்று மனத்தில் வைத்திருப்பது 1960-களின் அந்தப் பளபளப்பைத்தான் என்றால், அது இதில் முழுசாகக் கிடைக்காது. 6வி6 வால்வுள்ள ’65 ப்ரின்ஸ்டன் ரிவெர்ப் மறுபதிப்புக்குக் காசு சேருங்கள். ஒரே இடத்தில் வைத்து, விரலாலும் கிட்டார் குமிழாலும் ஒலியை ஆள்பவருக்கு ஏ.சி.15. ஆம்பின் ஒலிக்காகவே ஒன்று வாங்க வேண்டும், எடை பொருட்டில்லை என்றால் என் ஓட்டு வாக்ஸுக்கே.