தண்ணீர் மீற்றரில் இரண்டு கணக்கு

தோட்டத்திலே பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு நயினாதீவு, நெடுந்தீவுப் பாடு விளங்காது. அங்கே உப்புத் தண்ணீரை மென்சவ்வுக்குள்ளே அமுக்கித்தான் நன்னீர் எடுக்கிறார்கள். அத்தகைய நிலையத்தில் வேலை பழகப் போகும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

அங்குள்ள ஓட்டமானியை முதலில் சரியாக அமைக்க வேண்டும். குழாய் முட்ட நிறைந்திருக்க வேணும். தண்ணீரை நிறுத்தினால் முள் பூச்சியத்தில் நிற்க வேணும். அலகையும் பாருங்கள். மணிக்கு 6 கன மீற்றர் என்றாலும் நிமிடத்துக்கு 100 லீற்றர் என்றாலும் ஒன்றுதான். இதிலே ஏமாந்தவர்கள் பலர்!

இனி வெப்பம். சூடான தண்ணீர் இளகி, சவ்வுக்குள்ளே லேசாகப் போகும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 3 வீதம் கூடும். தை மாதம் 26 பாகையில் 90 லீற்றர் வந்தால், அதே அமுக்கத்தில், அதே உப்பளவில், சித்திரையில் 31 பாகைக்கு 104 வர வேணும். அப்போதும் 90தான் வருகுதென்றால் சவ்வு அடைபட்டிருக்கு. வெப்பத்தைப் பார்க்காதவர் "போன தை மாதிரியே ஓடுது" என்று இருந்துவிடுவார். சனம் கானோடு வரிசையில் நிற்கிற கோடையிலே நிலையம் படுத்துவிடும்.

வெப்பக் கணக்கைக் கழித்த பிறகு 10 முதல் 15 வீதம் குறைந்தால் சவ்வைக் கழுவ வேணும். தையில் குறைந்ததென்று பயந்து சும்மா கழுவினால் மருந்தே சவ்வைத் தின்னும்.

வெப்பமுனை தண்ணீரில் தொட்டிருக்கட்டும். குழாய்க்கு வெளியே கட்டினால் அது வெயிலைத்தான் அளக்கும்.