தொண்டே வாழ்வாக

பாட்டி என்றதும் கதை சொல்லும் குரலும் கைமணமும்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பாட்டிக்கும் ஒரு காலத்தில் பதினெட்டு வயது இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பனை முதுமையில் கண்டவர்களுக்கு அவர் அமைதியான ஒரு மூதாட்டியாகவே தோன்றியிருப்பார். ஆனால், இளமையில் அவர் படையணி ஒன்றை வழிநடத்திய அதிகாரி.

ஜானகி 1925ஆம் ஆண்டு கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்த 1943ஆம் ஆண்டில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்தார். இந்திய விடுதலைக்காகப் பெண்களும் முன்வர வேண்டும் என்று அவர் அழைத்தார். கோலாலம்பூர்த் திடலில் நடந்த கூட்டத்திற்கு ஜானகி மிதிவண்டியில் சென்றார். நேதாஜியின் பேச்சு அவர் மனத்தை உலுக்கியது. தாம் அணிந்திருந்த காதணிகளைக் கழற்றி அங்கேயே நன்கொடையாக அளித்தார்.

நகையைக் கொடுப்பது எளிதாக இருந்தது. தந்தையின் இசைவைப் பெறுவதுதான் கடினமாக இருந்தது. வயது வந்த மகளைப் போருக்கு அனுப்ப எந்தத் தந்தைதான் துணிவார்? ஜானகி அவரை எதிர்த்து வெளியேறவில்லை; தம் முடிவிலிருந்து பின்வாங்கவும் இல்லை. ஜான்சி ராணிப் படையின் தலைவியான டாக்டர் லட்சுமி வீட்டிற்கே வந்து பேசிய பிறகு தந்தை இசைந்தார்.

அப்படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. வீட்டில் வேலையாட்களோடு வளர்ந்த பெண்ணுக்கு முகாம் உணவு தொண்டையில் இறங்கவில்லை. அவருடன் பயிற்சி பெற்றவர்களில் பலர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் மகள்கள். சமயம், சாதி, செல்வம் என்ற வேறுபாடுகளின்றி அனைவரும் ஒரே இடத்தில் உண்டு உறங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. ஆயினும், அதன் விடுதலையில் அவர்கள் வைத்த நம்பிக்கை அசைக்க முடியாததாக இருந்தது.

ஜானகி தேர்வில் வெற்றி பெற்று அதிகாரியானார். பின்னர் பர்மாவில் பெண்கள் படையை வழிநடத்தினார். 1945 ஏப்ரலில், பிரிட்டிஷ் படைகள் நெருங்கியதால் அவர்கள் ரங்கூனை விட்டு வெளியேற நேர்ந்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்து, இரவில் சேற்றிலும் மழையிலும் நடந்தனர். பெண்களைப் பாதுகாப்பாக அனுப்பாமல் தாம் மட்டும் தப்பிச் செல்ல நேதாஜி மறுத்துவிட்டார். அவர்களோடு தாமும் நடந்தார். காலணியைக் கழற்றியபோது அவருடைய பாதங்களில் கொப்புளங்கள் இருந்தன.

போர் தோல்வியில் முடிந்தது. வீடு திரும்பிய ஜானகி, தம் கடமை முடிந்துவிட்டது என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால், மலாயாவில் அவர் கண்டது வறுமையும் நோயும்தான். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் திரும்பி வரவே இல்லை. அவர்களை இழந்த குடும்பங்கள் ஆதரவின்றித் தவித்தன. 1946இல் இந்தியாவிலிருந்து காங்கிரஸ் மருத்துவக் குழு இங்கு வந்தபோது, ஜானகி அதனுடன் சேர்ந்து தொண்டாற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோதும் அவர் துணைநின்றார்.

பிறகு, பொதுவாழ்வில் ஈடுபட்டிருந்த ஆதி நாகப்பனை மணந்தார். இல்லறம் அவருடைய பொதுப்பணிக்குத் தடையாகவில்லை. மலேசிய நாடாளுமன்ற மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9ஆம் நாள், தமது 89ஆம் வயதில் அவர் காலமானார்.

துப்பாக்கி ஏந்திய நாள்கள் அவர் வாழ்வில் சில ஆண்டுகளே. அதன்பின் எஞ்சிய நெடுங்காலத்தில், ஆயுதமின்றி, அருகிலிருந்தோருக்காக உழைத்தார். தொலைவில் இருந்த நாட்டுக்காக எழுந்த அன்பு, பிறந்த மண்ணிலேயே பயன் தந்தது.

நம் இல்லங்களிலும் இத்தகைய பாட்டிகள் இருக்கக்கூடும். பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்தவர்கள், கோயில் அன்னதானத்தில் ஓயாமல் உழைத்தவர்கள், அண்டை வீட்டுக் குழந்தையையும் தம் குழந்தையாக வளர்த்தவர்கள் பலர். அவர்களுக்கு விருதுகள் கிடைப்பதில்லை. அவர்களைப் பற்றி நூல்களும் எழுதப்படுவதில்லை. அவர்கள் அருகில் இருக்கும்போதே கேட்டறிந்தால்தான், அந்த வாழ்வு அடுத்த தலைமுறைக்குத் தெரியவரும்.