விராலுக்கு ஏற்ற தூண்டில்

மல்லாபூர், ஹைதராபாத் நகரின் கிழக்குப் பக்கத்தில் உள்ளது. நாச்சாரம், மௌலாலி ஆகியவை பக்கத்து ஊர்கள். மல்லாபூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் பலர் இங்கே வேலை செய்கிறார்கள்.

அப்படி வந்த தமிழ் இளைஞர் ஒருவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவருக்குத் தூண்டில் போடுவதில் ஆசை வந்துவிட்டது. செல்போனில் அமெரிக்கக்காரர்கள் 'பாஸ்' என்ற மீனைப் பிடிப்பதைப் பார்த்தார். பளபளக்கும் பொய் இரைகளைப் பார்த்தார். சம்பளம் வந்ததும் கடைக்குக் கிளம்பினார். அதே பட்டறையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அவரை நிறுத்தினார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சிறு வயது முதல் தூண்டில் போட்டவர்.

"எங்கே தம்பி கிளம்பிட்டே?"

"தூண்டில் செட்டு வாங்கப் போறேன் அண்ணே. பொய் இரை மட்டும் இருபது விதம் இருக்கு. கலருக்கு ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன்."

"எந்த மீனைப் பிடிக்கப் போறே?"

"எது வந்தாலும் சரி அண்ணே."

"அது சரிப்படாது தம்பி. முதல்ல மீனைச் சொல்லு. அப்புறம் தூண்டிலைச் சொல்றேன். இல்லேன்னா பாதிச் சம்பளம் கடையில போயிடும். வீட்டு வாடகைக்கு என்ன பண்ணுவே?"

பெரியவர் சொன்னது சரியான பேச்சு. அதைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

முதலில் மீன், பிறகு இரை

எல்லா மீனும் ஒரே இரையைத் தின்பதில்லை. கட்லா, ரோகு மீன்கள் மற்ற மீன்களைத் துரத்திப் பிடிப்பதில்லை. அவற்றுக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்த மாவுதான் இரை. பொய் இரையை அவை பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விரால் மீன் வேறு வகை. அது வேட்டையாடும் மீன். சிறு மீன், தவளை, பூச்சி ஆகியவற்றைப் பாய்ந்து பிடிக்கும். அமெரிக்காவின் பாஸ் மீனும் இப்படித்தான் வேட்டையாடும். ஆனால் பாஸ் நம் ஊர் மீன் அல்ல. நம் ஏரியில் பொய் இரைக்கு ஏற்ற மீன் விரால்தான்.

தெலுங்கில் விராலைக் கொர்ரமீனு என்பார்கள். 2016-ஆம் ஆண்டு தெலங்கானா அரசு இதை மாநில மீனாக அறிவித்தது. விராலுக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. அதனால் மூச்சு விட அடிக்கடி தண்ணீருக்கு மேலே வரும். தாமரை இலை, பாசி, கோரைப் புல் உள்ள ஓரங்களில் பதுங்கி இருக்கும்.

எதை வாங்கலாம்?

புதிதாகத் தொடங்குபவருக்கு நிறையச் சாமான் வேண்டியதில்லை.

1. கம்பு: ஆறரை முதல் ஏழு அடி நீளம் போதும். ஃபைபர் கம்பு விலை குறைவு. எளிதில் உடையாது.

2. ரீல்: நரம்பு சுற்றும் உருளை இது. 3000 என்ற எண் போட்ட சாதாரண ரீல் போதும். இதில் 'டிராக்' என்ற பிரேக் இருக்கும். பெரிய மீன் இழுத்தால் நரம்பு அறுந்து விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும்.

3. நரம்பு: தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பில் பழகலாம். 20 பவுண்டு நரம்பு சுமார் 9 கிலோ இழுவையைத் தாங்கும். பாசியும் தாமரையும் அடர்ந்த இடத்துக்குப் பின்னல் நரம்பு நல்லது. அதன் விலை அதிகம்.

4. பொய் இரை: ரப்பர் தவளை இரண்டு, ஸ்பின்னர் ஒன்று. இவ்வளவுதான்.

5. குறடு: மீன் வாயிலிருந்து முள்ளை எடுக்க இது கட்டாயம் வேண்டும்.

ரப்பர் தவளை ஏன்?

சாதாரண முள் பாசியில் சிக்கிக் கொள்ளும். ரப்பர் தவளையின் இரண்டு முள்ளும் மேல் நோக்கி, உடம்போடு ஒட்டி இருக்கும். அதனால் இலை மேல் விழுந்தாலும் எளிதில் சிக்காது. விரால் கவ்வும்போது ரப்பர் உடம்பு அமுங்கும். அப்போது முள் வெளியே வந்து வாயில் தைக்கும்.

தவளையை இலைகளுக்கு அப்பால் வீச வேண்டும். மெதுவாக இழுக்க வேண்டும். நடுநடுவே நிறுத்த வேண்டும். விரால் பாய்ந்ததும் பதறி இழுக்கக் கூடாது. இழுத்தால் தவளை வாயிலிருந்து நழுவிவிடும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, பிறகு சுண்டி இழுக்க வேண்டும்.

பாசி இல்லாத தெளிவான தண்ணீருக்கு ஸ்பின்னர் ஏற்றது. இழுக்கும்போது அதன் தகடு சுழன்று, சிறு மீன் போல மின்னும்.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்த வேண்டாம். அது கொடுமை. தவளை வயலில் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. இந்திய அரசு 1987-இல் தவளைக் கால் ஏற்றுமதியையே தடை செய்தது.

விலையில் இல்லை வித்தை

பின்லாந்து நாட்டில் லவுரி ராபலா என்ற ஏழை மீனவர் இருந்தார். அவர் ஏரியில் மீன்களைக் கூர்ந்து கவனித்தார். ஒழுங்கில்லாமல் தள்ளாடி நீந்தும் சிறு மீனைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடித்தது. 1936-இல் அவர் தக்கையைக் கத்தியால் செதுக்கி ஒரு பொய் மீன் செய்தார். சாக்லேட் சுற்றி வந்த பளபளப்பான தாளை அதன் மேல் ஒட்டினார். அது தண்ணீரில் தள்ளாடி நீந்தியது. மீன்கள் ஏமாந்தன. இன்று உலகம் முழுவதும் அவர் பெயரில் பொய் இரைகள் விற்கின்றன.

அவர் முதலில் செலவழித்தது பணத்தை அல்ல, கவனத்தை. நாமும் முதல் நாள் கரையில் அமர்ந்து பார்க்கலாம். விரால் எங்கே மூச்சு விடுகிறது, எந்த நேரத்தில் பாய்கிறது என்று பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

முடிச்சுப் போடும் முறை

நைலான் நரம்பை முள்ளின் காதில் நுழைக்க வேண்டும். நுனியை நரம்பின் மேல் ஐந்து அல்லது ஆறு முறை சுற்ற வேண்டும். பிறகு காதின் பக்கத்தில் உள்ள வளையத்தில் நுனியை நுழைக்க வேண்டும். எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் சூடு ஏறி நரம்பு பலம் குறையும்.

குஞ்சு காக்கும் விராலை விடுங்கள்

மழைக் காலத்தில் விரால் முட்டையிடும். தாயும் தந்தையும் காவல் காக்கும். குஞ்சுகள் சிவந்த நிறத்தில் கூட்டமாக மேலே மிதந்து வரும். அடியில் பெரிய விரால் நிற்கும். கூட்டத்துக்கு அருகில் எது விழுந்தாலும் அது பாயும். அப்போது பிடிப்பது எளிது.

"சுலபமாக் கிடைக்குமே அண்ணே" என்றார் இளைஞர்.

"கிடைக்கும் தம்பி. ஆனா காவல் போயிடுச்சுன்னா, குஞ்சுங்களை மத்த மீன் தின்னுடும். ஒரு மீனை எடுக்கிறேன்னு நூறு மீனை அழிச்ச கதைதான். அடுத்த வருஷம் யாருக்கு மீன் இருக்கும்?" என்றார் பெரியவர்.

கவனிக்க வேண்டியவை

* தெலங்கானாவில் பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. அது அவர்கள் பிழைப்பு. கேட்டு, அனுமதி பெற்ற பிறகே தூண்டில் போட வேண்டும்.
* தொழிற்சாலைக் கழிவு கலக்கும் தண்ணீரில் பிடித்த மீனைச் சாப்பிடக் கூடாது. மீனில் சேர்ந்த உலோக நஞ்சு கழுவினாலும் போகாது, கொதித்தாலும் போகாது.
* மின் கம்பிக்குக் கீழே கம்பை உயர்த்தக் கூடாது. கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். இடி மின்னல் வந்தால் கரையை விட்டு விலக வேண்டும்.
* ஈயக் குண்டைப் பல்லால் கடிக்கக் கூடாது. ஈயம் நஞ்சு.
* வீசும் முன் பின்னால் பார்க்க வேண்டும். குழந்தைகள் நிற்கலாம்.
* அறுந்த நரம்பைக் கரையில் போடக் கூடாது. பறவைகளின் காலில் சுற்றிக் கொள்ளும்.

கடைசியில் இளைஞர் ஒரு கம்பு, ஒரு ரீல், இரண்டு தவளை, ஒரு ஸ்பின்னர், ஒரு குறடு வாங்கினார். மீதிப் பணம் வாடகைக்கு இருந்தது.

பயிற்சி

1. கட்லா மீனுக்கு என்ன இரை? விராலுக்கு என்ன இரை?
2. விரால் ஏன் அடிக்கடி மேலே வருகிறது?
3. விரால் பாய்ந்ததும் உடனே இழுத்தால் என்ன ஆகும்?
4. கணக்கு: நரம்பு 9 கிலோ தாங்கும். டிராக்கை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும். எத்தனை கிலோவுக்கு வைக்கலாம்?
5. கணக்கு: ஒரு ரப்பர் தவளை 150 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இருபது வாங்கினால் எவ்வளவு? இரண்டு வாங்கினால் எவ்வளவு? மிச்சம் எவ்வளவு?
6. பேசுவோம்: உங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு? அங்கே என்ன கழிவு கலக்கிறது?