சம்மட்டி அடித்த காசும் கள்ளக்காசும்

பழைய இங்கிலாந்துக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் முதலில் அரசரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். போலி செய்பவனும் தன் உழைப்பையெல்லாம் அந்த முகத்தில்தான் கொட்டியிருப்பான். அதனால் நான் முகத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறேன். இந்தக் காசு அடிபட்டுப் பிறந்ததா, வார்த்து எடுத்ததா, நவீன இயந்திரத்தில் அழுத்தியதா என்பதுதான் என் முதல் கேள்வி.

1662இல் இயந்திர அச்சு நிலைபெறும்வரை, இடையிலே சில சோதனைகள் நீங்கலாக, இங்கிலாந்தில் காசு கையால்தான் அடிக்கப்பட்டது. கீழ் அச்சு கட்டையில் ஆழப் பதிந்திருக்கும். அதன்மேல் வெள்ளித் தகடு, தகட்டின்மேல் மேல் அச்சு. அதன் தலையில் சம்மட்டி விழும். இந்த வேலை முறையை மனத்தில் ஓட்டிப் பார்க்கப் பழகினால் காசு தானாகவே பேசத் தொடங்கும். அடி சாய்ந்து விழுந்தால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பதியும். இரண்டாவது அடியில் அச்சு நகர்ந்திருந்தால் எழுத்து இரட்டிக்கும். வெள்ளி நடுவிலிருந்து வெளியே தள்ளப்படுவதால் ஓரத்து எழுத்துகளின் கால்கள் மீன்வாலைப்போல் பிளந்து இழுபட்டிருக்கும். விளிம்பில் சிறு வெடிப்புகள் காணும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் இவற்றையெல்லாம் குறை என்று ஒதுக்கிவிட்டு, வட்டம் பிசகாமல் எங்கும் ஒரே அழுத்தமாகப் பதிந்த காசைத் தேடுகிறார்கள். கள்ளக்காசுக்காரன் காத்திருப்பது அவர்களுக்காகத்தான்.

நான் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. காசின் முன்பக்கத்தில் ஓரிடம் மங்கியிருந்தால், அதே இடத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பேன். தகடு எங்கே மெல்லியதோ அங்கே இரண்டு அச்சும் சரியாகப் பதியாது. ஆகவே பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒருசேர மங்கும். அடி படாத இடத்தில் தகட்டின் பழைய சொரசொரப்பு எஞ்சியிருக்கும். கைபட்டுத் தேய்ந்த இடம் வழவழவென்றிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். உயரமான கன்னமும் பள்ளமான தரையும் ஒரே அளவு மழுங்கியிருந்தால், அந்தத் தேய்மானம் சட்டைப்பையில் வந்ததல்ல.

எழுத்துகளிலும் நெடுநேரம் செலவிடுவேன். இடைக்காலத்து அச்சுத் தொழிலாளி எழுத்தை வரையவில்லை. நேர்க்கோடு, பிறை, ஆப்பு என்று சில உளிமுனைகளை மாற்றி மாற்றிக் குத்தி எழுத்தைக் கட்டினான். முதலாம் எட்வர்ட் 1279இல் கொண்டுவந்த பென்னியை எடுத்துப் பாருங்கள். ஒரே நேர்க்கோட்டு முனை பல எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும். பேனாவால் எழுதியதுபோல் வளைந்து ஓடும் எழுத்தைக் கண்டால் நான் காசைக் கீழே வைத்துவிடுவேன். வார்ப்புப் போலியில் எழுத்தின் உள்வட்டங்கள் தூர்ந்து, ஓரங்கள் உருண்டு, தரையில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடோ, அதை அராவி மறைத்த கீறலோ தெரியலாம்.

விளிம்புக் கோடு எலக்ட்ரோடைப்பிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி செய்த நகல்கள் புகழ்பெற்றவை: உலோக ஓடு இரண்டை ஒட்டிச் செய்த காசு, அசலின் முகத்தை மயிரிழை பிசகாமல் காட்டும். பலவற்றின் விளிம்பில் ‘ஆர்.ஆர்.’ என்ற முத்திரை இருக்கும். ஏமாற்றுவதற்காகச் செய்தவை அல்ல அவை, படிப்பவர்களுக்காகச் செய்தவை. ஆனால் கைமாறிக் கைமாறி வரும்போது யாராவது அந்த முத்திரையைத் தேய்த்துவிட்டால் நகலே கள்ளக்காசாகிவிடுகிறது.

எடை போடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எடையை மட்டும் நம்பியும் முடிவு செய்யாதீர்கள். எட்வர்டின் பென்னி சுமார் 1.44 கிராம். குறைந்திருந்தால் தேய்ந்திருக்கலாம், அந்தக் காலத்திலேயே ஓரத்தை வெட்டித் திருடியிருக்கலாம். வெட்டிய காசில் எழுத்து வட்டத்தின் வெளிப்புறம் போயிருக்கும். வட்டம் முழுதாக இருந்தும் எடை வெகுவாகக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். எடை தெளிவாகக் கூடியிருந்தால் என் சந்தேகம் இன்னும் பெரிது. தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி காண்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.3ஐ ஒட்டி வரவேண்டும். ஆனால் பென்னி விலக்கும் நீர் 0.14 கிராம்தான். தராசு 0.01 கிராம் பிசகினாலே விடை 9.6க்கும் 11.1க்கும் நடுவே ஆடும். 6 கிராம் எடையுள்ள ஷில்லிங்குக்கு இந்தச் சோதனை பயன்படும். பென்னிக்கு அதை நம்பி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வரலாறு தெரிந்தால் சில காசுகளை லென்ஸ் இல்லாமலே விலக்கிவிடலாம். சிங்கநெஞ்சர் ரிச்சர்டின் பெயர் பொறித்த இங்கிலாந்துப் பென்னி என்று ஒன்று கிடையாது. 1180 முதல் 1247 வரை, ரிச்சர்டும் ஜானும் ஆண்ட காலத்திலும்கூட, அங்கே அடித்த பென்னிகளில் ஹென்றி என்ற பெயரே தொடர்ந்தது. முதலாம் எலிசபெத்தின் சிக்ஸ்பென்ஸில் 1561 முதல் ஆண்டு பொறிக்கப்பட்டது. ராணியின் தலைக்குப் பின்னால் ரோஜாவும் வந்தது. ஆண்டும் அக்கசாலைச் சின்னமும் பொருந்த வேண்டும். 1569 என்றால் சிறு மகுடம், 1575 என்றால் எக்லன்டைன் எனும் காட்டுரோஜா. பழைய அச்சைத் திருத்தி அடுத்த ஆண்டுக்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஆகவே பொருந்தாததை உடனே போலி என்று தள்ளாமல், அப்படியொரு காசு பதிவாகியிருக்கிறதா என்று ஸ்பிங்க் விலைப்பட்டியலிலும் இங்கிலாந்துக் காசுகள் பற்றிய நார்த்தின் நூலிலும் தேடுங்கள்.

அந்தக் காலத்துக் கள்ளக்காசுகள் தனி உலகம். பல, தாமிரத்தின்மேல் வெள்ளி முலாம் பூசியவை. முலாம் உரிந்த இடத்தில் பச்சை பூத்திருக்கும். எட்வர்ட் காலத்தில் கடல்கடந்து வந்த பொல்லார்ட், குரொக்கார்ட் என்ற சாயல் காசுகள் இங்கிலாந்துச் சந்தைகளில் நிறைந்தன. 1299இல் அவற்றின் மதிப்பை அரைப் பென்னியாகக் குறைத்து, 1300இல் செல்லாதென்று ஒதுக்கினார்கள். இவற்றை நான் விரும்பி வாங்குகிறேன். என்ன என்று சொல்லி விற்றால் இவையும் நேர்மையான பழம்பொருள்தான்.

எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி, இரட்டையைக் கண்டுபிடிப்பது. ஒரே அச்சில் அடித்த இரு காசுகள் இருக்கலாம். ஆனால் ஒரே அச்சு, ஒரே சாய்வு, ஒரே வெடிப்பு, ஒரே இடத்தில் ஒரே கீறல், தகட்டின் வெளிக்கோடும் ஒன்றே என்றால், இரண்டில் ஒன்றாவது, பெரும்பாலும் இரண்டுமே, வார்ப்புப் போலி. ஆகவே வாங்குமுன் ஏல நிறுவனங்களின் பழைய படங்களைப் புரட்டுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மண்ணில் கிடைத்தவற்றை 1997 முதல் பதிந்துவரும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 1180க்கு முற்பட்டவற்றுக்குக் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் தொகுத்த பட்டியல் இருக்கிறது. விற்பவரிடம் விளிம்பின் படத்தைக் கேளுங்கள். காசு போலியென்று தெரிந்தால், எத்தனை காலம் கழிந்திருந்தாலும் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த இரண்டில் எதற்காவது அவர் தயங்கினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.